உங்கள் ஹாலுக்கு எல் ஷேப் சோபா ஒத்துவருமா?

ஃபர்னிச்சர் கடையில் எந்த எல் ஷேப் சோபாவும் சின்னதாகத்தான் தெரியும். கடையின் கூடம் அவ்வளவு பெரியது. அங்கே குறுக்கே கதவு கிடையாது, செருப்பு ஸ்டாண்டு கிடையாது, ஓடிவரும் குழந்தை கிடையாது. அதே சோபா 11 அடி அகல ஹாலுக்குள் வந்து உட்கார்ந்ததும் வீட்டில் இருப்பவர்கள் உடம்பை ஒருக்களித்து நடக்கப் பழகிக்கொள்கிறார்கள். துணி, ஸ்பான்ஜ், மரம் எல்லாம் பின்னால் மாற்றலாம், பழுது பார்க்கலாம். அளவும் திசையும் தவறிப்போனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இங்கே பாதி வேலை கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே முடியவேண்டியது.

தமிழ்நாட்டு அடுக்குமாடி வீடுகளில் வழக்கமாகப் பார்க்கும் ஹாலை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்: ஹாலும் டைனிங்கும் சேர்ந்த ஒரே நீள அறை, அகலம் 10 அல்லது 11 அடி, நீளம் 16 முதல் 20 அடி.

எல் ஷேப்தான் வேண்டுமா?

எல் ஷேப் என்ற பெயரில் கடையில் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் காட்டுவார்கள். ஒன்று லவுஞ்சர் வகை: சாதாரண சோபாவின் ஒரு முனையில் மட்டும் காலை நீட்டிக்கொள்ளும்படி நீளமான இருக்கை. இன்னொன்று கார்னர் வகை: இரண்டு சோபாக்கள் ஒரு மூலைத் துண்டில் வந்து சேரும். இரண்டும் அடைக்கும் இடம் வேறு, பயன் வேறு.

கார்னர் வகையை '6 சீட்டர்' என்று சொல்லி விற்பார்கள். அதில் ஒரு சீட்டு அந்த மூலை. அங்கே உட்கார்ந்தால் இரண்டு பக்கத்திலும் அடுத்தவர் முழங்கால் இடிக்கும், காலை எங்கே வைப்பது என்று தெரியாது. வேறு இடம் காலியாக இருக்கும்வரை யாரும் அங்கே போய் உட்கார மாட்டார்கள். ஆக, பேருக்கு 6, உட்காருவது 5.

லவுஞ்சருக்கும் இதேபோல ஒரு குறை உண்டு. வீட்டில் ஒருவர் சாய்ந்துகொண்டு படம் பார்க்க அருமையான இடம். ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தம்பதியை அதில் உட்காரச் சொல்ல முடியாது. விருந்தாளிகள் அடிக்கடி வரும் வீடு, அதிலும் வயதானவர்கள் நிறைய வந்து போகும் வீடு என்றால், மூன்று பேர் சோபாவும் இரண்டு தனி நாற்காலியும், இல்லாவிட்டால் சோபாவோடு ஒரு திவானும் போடுவது இன்றைக்கும் நல்ல யோசனைதான். திவானில் பகலில் நாலு பேர் உட்காரலாம், ராத்திரி ஒருவர் படுக்கலாம். ஃபேஷன் போய்விட்டது என்பதைத் தவிர அதில் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை.

எல் ஷேப் நன்றாகப் பொருந்துவது, கதவோ வழியோ இல்லாத இரண்டு பக்கங்கள் ஒரு மூலையில் சேரும் ஹாலுக்கு. அப்படி ஒரு மூலை உங்கள் ஹாலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பால்கனிக் கதவு, பூஜை அறை, படுக்கையறை வாசல், கைகழுவும் பேசின் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், பல வீடுகளில் அந்த மூலை எஞ்சுவதே இல்லை. எஞ்சவில்லை என்றால் இத்தோடு விட்டுவிடுங்கள், பணம் மிச்சம்.

சுவரை அளந்தால் போதாது

டேப்பை எடுத்துக்கொண்டு சுவர் எத்தனை அடி என்று அளப்பது எல்லோரும் செய்வது. அளக்கவேண்டியது சோபா போட்ட பிறகு மீதி இருக்கும் இடத்தை. ஆட்கள் அடிக்கடி நடக்கும் வழிக்கு, அதாவது வாசலில் இருந்து சமையலறைக்கும் படுக்கையறைக்கும் போகும் வழிக்கு, 3 அடி விடுங்கள். இரண்டரை அடிக்குக் கீழே போனால் கையில் தட்டோடு வருபவர் நின்று நிதானித்துத்தான் கடக்க முடியும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடி இருந்தால் போதும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஹாலின் அகலம் 11 அடி. ஒரு பக்கச் சுவரை ஒட்டிச் சோபா, எதிர்ச் சுவரில் டிவி யூனிட். சோபாவின் ஆழம், அதாவது முதுகுப் பக்கத்தில் இருந்து முன் விளிம்பு வரை, 3 அடி. டிவி யூனிட் ஒன்றேகால் அடி. நடுவில் எஞ்சுவது ஆறே முக்கால் அடி.

இதில் லவுஞ்சர் வகையைப் போட்டால், ஐந்தரை அடி நீள லவுஞ்சர் சோபாவின் முன் விளிம்பைத் தாண்டி இரண்டரை அடி வெளியே நீளும். லவுஞ்சரின் கால்மாட்டுக்கும் டிவி யூனிட்டுக்கும் நடுவே நாலேகால் அடி வழி கிடைக்கும். தாராளம். கார்னர் வகையைப் போட்டால் அதன் குறுக்குப் பக்கம் 7 அடி இருக்கும். 4 அடி வெளியே நீண்டு, எஞ்சுவது இரண்டே முக்கால் அடி. சமாளிக்கலாம். இப்போது ஹாலின் அகலத்தை 10 அடி என்று மாற்றிப் பாருங்கள். லவுஞ்சருக்கு மூன்றேகால் அடி மிஞ்சும், கார்னருக்கு ஒன்றே முக்கால் அடிதான். அந்த இடைவெளியில் ஒருவர் நடக்கலாம், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். என் அபிப்பிராயம், 10 அடி ஹாலுக்கு கார்னர் வகை வேண்டவே வேண்டாம்.

காகிதத்தில் கணக்குப் போட்டதோடு நிற்காமல் தரையில் வரைந்தும் பாருங்கள். டைல்ஸ் மேல் சாக்பீஸால் சோபாவின் உருவத்தை முழு அளவில் போடுங்கள். கோடு நிற்காத வழவழப்பான டைல்ஸ் என்றால் பழைய நியூஸ் பேப்பரை விரித்து, ஓரத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். அதன் மேல் டைனிங் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, இரண்டு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். துணி காயப்போடப் பால்கனிக்குப் போகும்போது, கேஸ் சிலிண்டர் உள்ளே வரும்போது, குழந்தைகள் விளையாடும்போது எங்கே இடிக்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் எரிச்சலோடு நாற்காலியை நகர்த்திவிட்டுப் போகும் இடம் எதுவோ, அங்கே சோபா வரக்கூடாது.

கோடு போட்ட நிலையிலேயே இவற்றையும் கவனியுங்கள். சோபாவின் முதுகுக்குப் பின்னால் எந்த ப்ளக் பாயின்ட் மறைகிறது? ஜன்னல் உள்பக்கம் திறப்பதா? ஏசியின் காற்று நேராக யார் தலையில் விழும்? இதோடு மின்விசிறியையும் பாருங்கள். ஃபேன் ஹாலின் நடுவில் சுற்றும், எல் ஷேப்பின் மூலையோ அதற்கு எட்டாத தூரத்தில் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். சித்திரை வெயிலில் அந்த மூலைப் பக்கம் உட்காருபவர் கைவிசிறி கேட்பார்.

கொலு வைக்கும் வீடு என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஐந்து படி, முன்னால் கோலம், குத்துவிளக்கு, சுண்டல் வாங்க வருபவர்கள் உட்காரும் இடம் எல்லாம் சேர்ந்தால் சுமாராக 6 அடிக்கு 8 அடியாவது வேண்டும். அந்த நாட்களில் சோபா எங்கே போகும்? இரண்டு மூன்று துண்டாகப் பிரியும் சோபா என்றால் ஒரு துண்டைப் படுக்கையறைக்குத் தள்ளிவிடலாம். ஒரே துண்டாகச் செய்தது என்றால் படிகளை மூன்றாகக் குறைப்பது தவிர வழியில்லை. வளைகாப்பு, வீட்டில் நடக்கும் பிறந்தநாள், ஊரில் இருந்து வருபவர்களுக்குப் பாய் விரிப்பது எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிரித்து நகர்த்த முடிகிற சோபாவுக்குக் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்கலாம் என்று நான் சொல்வேன்.

இடமா வலமா

தவறான ஆர்டர் வந்து இறங்குவது இந்த இடத்தில்தான். லவுஞ்சர் எந்தப் பக்கம் என்று கடையில் கேட்பார்கள், எல்.எச்.எஸ். (இடது பக்கம்), ஆர்.எச்.எஸ். (வலது பக்கம்) என்று பில்லில் எழுதுவார்கள். சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு இடது பக்கமா, எதிரே நின்று பார்ப்பவருக்கு இடது பக்கமா? சில கம்பெனி முதல் முறையில் சொல்லும், சில கம்பெனி இரண்டாவது முறையில் சொல்லும். ஒரே கடையில் விற்பனையாளர் ஒரு மாதிரியும் தொழிற்சாலை இன்னொரு மாதிரியும் புரிந்துகொள்வதும் உண்டு. எழுத்தை நம்பாதீர்கள். ஒரு தாளில் ஹாலை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, வாசல், டிவி, சோபா மூன்றையும் குறித்து, லவுஞ்சரை நிழலிட்டு, பில்லோடு இணைத்துக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால் அந்தப் பொருளின் அளவுப் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்தப் பக்கம் நல்லது? வீட்டுக்குள் நுழைபவர் முதலில் லவுஞ்சரின் பக்கவாட்டில் மோதக்கூடாது. அதனால் வாசலுக்கும் நடைவழிக்கும் தள்ளி இருக்கும் முனையில் வையுங்கள். ஜன்னலோ பால்கனியோ உள்ள பக்கம் பெரும்பாலும் சரிவரும், ஆனால் பால்கனிக் கதவுக்கு வழி விடவேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வகைதான் நான் சொல்வேன்: லவுஞ்சரை இடம் வலம் மாற்றிக்கொள்ள முடிகிற சோபா. நேரான ஒரு மூன்று சீட்டர், அதே உயரத்தில் தனியாக ஒரு கால்மேடை, மேலே நீளமான ஒரு மெத்தை. கால்மேடையை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் லவுஞ்சர். அடுத்த வீட்டின் ஹால் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

டிவி பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் இன்னொன்று. கார்னர் வகையில் குறுக்குப் பக்கத்தில் உட்காருபவர் கழுத்தைத் திருப்பியே கிரிக்கெட் பார்க்க வேண்டும். நாலு பேரும் சேர்ந்து பார்க்கும் வீட்டில் நேர்ப்பக்கம் நீளமாகவும் குறுக்குப் பக்கம் லவுஞ்சராகவும் இருப்பதுதான் வசதி.

வீட்டுக்குள் எப்படி வரும்?

நாலாவது மாடிக்குச் சோபா எப்படி ஏறும் என்பதை ஆர்டர் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும். குடியிருப்புகளில் உள்ள லிஃப்டின் கதவுத் திறப்பு பல இடங்களில் 800 மில்லிமீட்டர், அதாவது 2 அடி 8 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. பழைய கட்டடம் என்றால் அதுவும் இருக்காது. ஆறடிக்குள் இருக்கும் துண்டுகளை நிமிர்த்தி உள்ளே வைக்கலாம். ஏழடித் துண்டு நுழைவது கஷ்டம். அப்புறம் மாடிப்படிதான், அங்கே திரும்பும் இடத்தின் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

லிஃப்ட் கதவு, லிஃப்டின் உள் உயரம், படி திரும்பும் இடம், உங்கள் வாசல் நிலை, இந்த நாலையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சோபாவின் ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், ஆழம், உயரம் என்று மூன்று அளவு கேட்டு வாங்குங்கள். 36 அங்குல ஆழமுள்ள துண்டு 32 அங்குல வாசலில் நேராக நுழையாது. ஆனால் அதன் உயரம் 30 அங்குலம் என்றால் முன்பக்கம் மேலே பார்க்க மல்லாத்தினால் நுழைந்துவிடும். கால்களைக் கழற்ற முடியுமா என்றும் கேளுங்கள், 4 அல்லது 5 அங்குலம் குறையும். மாடிப்படி வழியாகத் தூக்கக் கூலி தனியா, யார் கொடுப்பது என்பதை அன்றைக்கே பேசிவிடுங்கள். சோபா வாசலில் நிற்கும்போது பேரம் பேச முடியாது.

கடையில் உட்கார்ந்து பார்ப்பது

வீட்டில் முழங்கால் வலி உள்ளவர் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்றைக்கு வரும் எல் ஷேப் சோபாக்கள் பல தாழ்வாகவும் ஆழமாகவும் இருக்கின்றன. பார்க்க அழகு. எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும். தரையில் இருந்து இருக்கையின் மேற்பரப்பு 17 அல்லது 18 அங்குலம் இருந்தால் பெரியவர்கள் சிரமமில்லாமல் எழுவார்கள். உட்காரும் ஆழம் 20 முதல் 22 அங்குலம். முதுகு நன்றாகச் சாய்ந்த நிலையில், சோபாவின் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அந்தச் சோபா உங்களைவிட உயரமானவருக்குச் செய்தது.

ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் எந்தச் சோபாவும் சுகமாகத்தான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் மணி நேரம் உட்காருங்கள். வீட்டில் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்காருபவர் என்றால் கடையிலும் அப்படியே உட்கார்ந்து பாருங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

ஸ்பான்ஜை '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஸ்பான்ஜின் எடை எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். எண் கூடினால் நீண்ட நாள் உழைக்கும் என்று கொள்ளலாம், கடினமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. மெத்தென்ற 40ம் உண்டு, கல் மாதிரியான 28ம் உண்டு. உட்காரும் மெத்தைக்கு 32க்குக் குறையாமல் கேளுங்கள், தினமும் நாலு பேர் உட்காரும் வீட்டுக்கு 40. முதுகுப் பக்கத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

சொன்ன டென்சிட்டிதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: மெத்தையை எடை போடுவது. 2 அடிக்கு 2 அடி, 5 அங்குலக் கனமுள்ள ஸ்பான்ஜ் 32 டென்சிட்டி என்றால் சுமார் ஒன்றரைக் கிலோ இருக்க வேண்டும், 40 என்றால் கிட்டத்தட்ட 1.9 கிலோ. 18 டென்சிட்டி ஒரு கிலோவைக்கூடத் தொடாது. மெத்தையின் உறையில் ஜிப் இருந்தால் துணியைக் கழற்றிவிட்டு ஸ்பான்ஜை மட்டும் தராசில் வைக்கலாம். மேலே பஞ்சு சுற்றியிருந்தால் எடை கொஞ்சம் கூடும். பழைய ஸ்பான்ஜ் துண்டுகளைப் பொடித்து ஒட்டிய கட்டி ஸ்பான்ஜும் கனமாகத்தான் இருக்கும், ஆனால் பல நிறத் துணுக்குகள் தெரிவதால் கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

சட்டத்துக்குக் காய்ந்த கெட்டி மரமோ நல்ல ப்ளைவுட்டோ நல்லது. மரத்தூளை ஒட்டிச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். மாப் போடும் தண்ணீர் நாள்தோறும் படும் இடத்தில் அது ஊதிக்கொள்ளும், ஸ்க்ரூ பிடிக்காது. சோபாவின் முன்கால் ஒன்றை அரை அடி தூக்குங்கள். மறுமுனையின் முன்காலும் தரையை விட்டுச் சீக்கிரம் எழும்பினால் சட்டம் உறுதி. இந்தப் பக்கம் தூக்கத் தூக்க அந்தப் பக்கம் அசையாமல் தரையிலேயே கிடந்தால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அடியில் கால்களின் உயரமும் முக்கியம். துடைப்பம் தாராளமாகப் போய்வர 5 அங்குலம் வேண்டும். தரையோடு ஒட்டிய சோபாவின் அடியில் கரப்பான் பூச்சிதான் குடித்தனம் நடத்தும்.

உள்ளூர் சோபா ஆசாரியிடம் செய்யச் சொல்வதில் ஒரு பெரிய லாபம், துணி போடுவதற்கு முன் வெறும் சட்டத்தை நேரில் போய்ப் பார்த்துவிடலாம். 8 அடி 4 அங்குலம் வேண்டும் என்றால் அதே அளவில் செய்துகொடுப்பார். குறை, சொன்ன தேதியில் முடியாது.

துணி

தோல் மாதிரி இருக்கும் ரெக்சினைப் பற்றி ஒன்று. கடையின் ஏசியில் அது குளுகுளு என்று இருக்கும். மே மாதம் மத்தியானம் கரண்ட் போனால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பியூ (பாலியூரித்தேன்) வகை ரெக்சின் ஈரக் காற்றில் சில வருடங்களில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கலாம், உரிந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் துணியையே சொல்வேன்.

துணியில் நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் கலப்பு பராமரிக்கச் சுலபம். உரசலைத் தாங்கும் திறனை மார்ட்டின்டேல் என்ற சோதனையால் அளக்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் இருந்தால் போதும். கைநகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், நூல் கிளம்பினால் பூனை உள்ள வீட்டுக்கு அது ஆகாது. வெளிர் நிறத்தில் சாம்பார் மஞ்சள் போகவே போகாது, தலை சாயும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படியும். நடுத்தர நிறத்தில் இரண்டு சாயல் கலந்து நெய்த துணி இரண்டையும் மறைக்கும். ஜிப் இருப்பதாலேயே துவைக்கலாம் என்று அர்த்தமில்லை. சில உறைகளின் ஜிப் ஸ்பான்ஜை உள்ளே நுழைக்க வைத்ததுதான், துவைத்தால் சுருங்கிவிடும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படியும் மேலே பெட்ஷீட் போட்டு மூடப் போகிறீர்கள் என்றால் விலை உயர்ந்த துணி எதற்கு?

பணம் கொடுக்கும் முன்னும் சோபா வந்த அன்றும்

வாரன்டி 5 வருடம் என்றால் எதற்கு 5 வருடம் என்று கேளுங்கள். பெரும்பாலும் சட்டத்துக்கு மட்டும் இருக்கும், ஸ்பான்ஜுக்கும் துணிக்கும் குறைவு. ஸ்பான்ஜின் டென்சிட்டி, மரத்தின் பெயர், துணியின் எண், எல்லாத் துண்டுகளின் அளவு, ஜிஎஸ்டியும் டெலிவரியும் சேர்ந்த விலை இவை பில்லில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

சோபா வந்து இறங்கியதும், கொண்டுவந்தவர்கள் கிளம்பும் முன், லவுஞ்சர் சரியான பக்கம்தானா என்று முதலில் பாருங்கள். துண்டுகளை இணைக்கும் இரும்புக் கொக்கி மாட்டியிருக்கிறதா, உட்கார்ந்தால் இடைவெளி விடுகிறதா, எல்லாக் கால்களும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சுவரில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டால் மழைக்காலத்தில் சுவரின் ஈரம் துணியில் ஏறாது. செய்யச் சொல்லி வாங்கியது என்றால் அதே துணியில் ஒரு மீட்டர் கூடுதலாகக் கேட்டு வாங்கி அலமாரியில் வையுங்கள். கைப்பிடி கிழிந்த பிறகு கடைக்குப் போனால் அந்த நிறம் கிடைப்பது சந்தேகம்தான்.